காலைப் பக்கம் வைத்த குரல்

புந்து லோலோ
மே மாதம், புதன்கிழமை

என் அன்பு மருமகள் செல்மிக்கு,

ஏழு மலைக்கும் எழுபது பன்றிக்கும் கேட்கப் பாடவல்லவனும், இந்த வட்டாரத்து இசை அசைவு ஆசிரியர்களில் வயதாலும் வயிற்றாலும் மூத்தவனும், உன் அம்மாவின் ஒரே தம்பியுமாகிய லூத்தர் தண்டி, மூட்டுவலி நீங்கலாக மாமன்னர்களுக்குரிய உடல்நலத்தோடு எழுதுகிறேன். நீ கடல் தாண்டித் திமிக்காவில் சுகமாக இருக்க வேண்டும். அங்கே மழை அதிகம் என்று கேள்வி. இங்கே பெய்த மழையில் நேற்று ஓர் எருமை ரந்தேபாவ் சந்தைவரை நீந்திப் போய், தன்னைத் தானே விலைபேசிவிட்டு, விலை படியாமல் நீந்தித் திரும்பியது.

தொலைபேசி இருக்கக் காகிதம் எதற்கு என்று கேட்பாய். தொலைபேசியில் நான் மகாகாவியம் எழுதினாலும் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பிறகு உன்னிடமிருந்து ஒரே வரி வருகிறது: "மாமா, அம்மா சாப்பிட்டாங்களா?" காகிதத்தில் நீலக் கோடு விழாது. நீ படித்தாயா இல்லையா என்று தெரியாமல் இருக்கிற நிம்மதி எனக்கு வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு மார்த்தாவின் மகன் சுரங்க வேலைக்கு அங்கே கப்பலேறுகிறான். அவன் பையில் இந்தக் கடிதமும் எள் தூவிய வெல்லப் பணியாரம் ஒரு டப்பாவும் வரும். டப்பா பாதி காலியாக வந்தால் குற்றம் அவனுடையது. முழுதும் காலியாக வந்தால் என்னுடையது.

அம்மா சாப்பிட்டாள். காலையில் காபி வைத்தேன், ஆறியது, நான் குடித்தேன். மத்தியானம் மூங்கிலில் சுட்ட கறி வைத்தேன், அதுவும் அப்படியே. அவள் நோயில் நான் பருத்துக்கொண்டு வருகிறேன்.

போன வாரம் வீட்டுக் கணக்கு எடுக்கக் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஓர் அலுவலர் வந்தார். "வீட்ல எத்தனை பேரு?" என்றார். "ரெண்டு பேரு. நானும் அக்காவும். அக்காவுக்கு மூணு வருஷமா உடம்பு சரியில்ல" என்றேன். பார்க்க வேண்டும் என்றார். பின்னறைக்குக் கூட்டிப்போய், "அக்கா, சர்க்கார் வந்திருக்கு, எழுந்திரிக்க வேண்டாம், படுத்துக்கோ" என்று சொன்னேன். பெட்டியையும் அதில் போர்த்திப் படுத்திருந்தவளையும் பார்த்துவிட்டு, "ஐயா, இவங்க இறந்துட்டாங்க" என்று எனக்கே செய்தி சொன்னார். "இன்னும் இல்ல தம்பி. உடம்பு கெடாம மருந்து ஏத்தியிருக்கோம். பாட்டு எடுக்கல, எருமை பலி விழல, தலைய தெக்கே திருப்பல. அதுவரைக்கும் எங்க ஊர்ல நோயாளிதான்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். எட்டிப் பார்த்தேன். வீட்டில் ஒருவர் என்று இருந்தது. அன்றைக்கு எனக்கு இரண்டு பேர் சோறும் இறங்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஊரார் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

நீ இங்கே நம் பள்ளியில் ஆசிரியையாக இருந்தபோது எங்களுக்காகக் கம்ப்யூட்டருக்குள் கட்டிக்கொடுத்த அலமாரியை மறந்திருக்க மாட்டாய். அதுவரை எங்கள் பாட்டும் ஆட்டமும் பாடக்குறிப்பும் அடைமழைக்குப் பிந்தைய கோழிக்கூண்டாகக் கிடந்தன. நீ வந்து எல்லாவற்றையும் இரண்டு பக்கமாகப் பிரித்தாய். ஏறும் புகை ஒரு பக்கம்: அறுவடை, வீடு குடிபுகுதல், கல்யாணம். கிழக்குக்கு உரியது, காலையில் திறப்பது. இறங்கும் புகை மறுபக்கம்: சாவுச் சடங்கின் பாட்டும் அசைவும். மேற்குக்கு உரியது, வெயில் சாய்ந்த பிறகே திறப்பது. "ஒண்ணோட ஒண்ணு கலந்தா நெல்லு கோவிச்சுக்கும் மாமா" என்று என் விரலைத் தட்டித் தட்டிப் பழக்கினாய். சொர்க்கத்து வாசலில் கணக்குப் பார்ப்பவரிடம்கூட இத்தனை ஒழுங்கான அலமாரி இருக்காது.

இந்தத் திங்கட்கிழமை கொடியேற்றம் முடிந்து, பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். காலைப் பக்கத்தைத் திறந்தேன். எப்போதும்போல் மேலே இருப்பதைத் தட்டினேன். ஒலிபெருக்கியின் சத்தத்தையும் கடைசிவரை திருகிவைத்திருந்தேன். அறுவடை வட்டப்பாட்டு வரவில்லை. உன் அம்மாவின் குரல் வந்தது. பாதோங் வந்தது.

காலை ஏழரை மணி வெயிலில், சாவுப் பாட்டு. அவள் முதலடி எடுத்துக் கொடுக்க, பின்னால் ஐம்பது பேர் இழுக்கும் அந்தப் பழைய பதிவு. பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? நாம் சொல்லிக்கொடுத்தபடியே சுண்டுவிரல் கோத்து, மெல்ல இடம் மாறி, அசைய ஆரம்பித்துவிட்டார்கள். தலைமையாசிரியை எர்னா கொடிக்கயிற்றைக் கையில் பிடித்தபடி உப்புத்தூணாக நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் நம் குலவீடு. பின்னறையில் அவள். தன்னை அனுப்பும் பாட்டைத் தன் குரலிலேயே கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். மார்த்தா காபிக் குவளையோடு ஓடிவந்து, "அண்ணே, உங்கக்கா எழுந்துட்டாங்களா?" என்று கேட்டாள். கேலிக்காகக் கேட்கவில்லை.

எல்லாம் என் கட்டைவிரலின் வேலை. இந்த விரல் பட்டால் கம்ப்யூட்டர் என்ன, கல்லறையே இடம் மாறிவிடும் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். நீ கவலைப்படாதே. பணியாரத்தைக் காற்றுப்படாமல் மூடிவை.

ஆசீர்வாதங்களுடன்,
இசைக்கும் அசைவுக்கும் தற்சமயம் அவப்பெயருக்கும் தலைவன்,
உன் மாமன் லூத்தர்


புந்து லோலோ
ஜூன் மாதம், ஞாயிறு ஆராதனைக்குப் பின்

மருமகளே,

உன் ஒரு வரி கிடைத்தது. அம்மா சாப்பிட்டாள்.

நான் பதவி உயர்வு பெற்றிருக்கிறேன். வகுப்புக்கு வர வேண்டாம், விளையாட்டுச் சாமான் அறையில் பந்துகளுக்குக் காற்றடிக்கலாம் என்று தலைமையாசிரியை உத்தரவு போட்டிருக்கிறார். இந்த மலைநாட்டின் முதல் காற்றுத் துறை அமைச்சர் உன் மாமன்தான். நான் அடித்த காற்றில் ஒரு பந்து கூரை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனது, இன்னும் இறங்கவில்லை. இசை அசைவு மணியில் இப்போது பிள்ளைகள் அரசாங்க உடற்பயிற்சி செய்கிறார்கள். முன்னே ஒரு எட்டு, பின்னே ஒரு எட்டு. வட்டம் கூடாது. யாரும் யார் கையையும் பிடிக்கக் கூடாது. உன் அலமாரியின் இரண்டு கதவையும் மூடிவைத்துவிட்டார்கள்.

அதைப் பிரித்துப்போட்டு வகுப்புவாரியாக அடுக்கிவிடலாம் என்று அரிஸ் சொன்னான். உனக்குப் பிறகு வந்த ஆசிரியன், நல்ல பையன். "மாமா, கம்ப்யூட்டருக்கு கிழக்கு மேற்கு தெரியாது. மூணாம் வகுப்பு, நாலாம் வகுப்புன்னு போட்டுட்டா பிரச்சினையே இல்ல" என்றான். "தெரியாதவனுக்கு சொல்லிக்குடுக்கத்தானடா நம்மள வாத்தியாரா வெச்சிருக்காங்க" என்றேன். சிரித்தான். இருந்தாலும் கையை வைக்கவில்லை. அவனும் இந்த ஊர்க்காரன்தானே.

நே சுலோ தாத்தாவின் வீட்டில் ஊர்ப்பெரியவர்கள் கூடினார்கள். எனக்கு நடுவில் இடம் போட்டிருந்தார்கள், அறுக்கப்போகும் பன்றிக்குப் போடுவதுபோல. கள் வந்தது. எல்லோருக்கும் ஊற்றியபின் எனக்கு ஊற்றினார்கள். தாத்தா நேராகவே கேட்டார்: "லூத்தரு, நீ பிள்ளைங்களுக்கு வாத்தியாரா, இல்ல சாவுக்கு மணியடிக்கிறவனா?" இரண்டு வேலைக்கும் ஒரே சம்பளம்தான் தாத்தா என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. செல்மி, நான் சொல்லி இந்த ஊர் சிரிக்காதது அதுதான் முதல் தடவை.

மேல்வயலில் எலி இறங்கிக் கதிரை அறுத்திருக்கிறது. மார்த்தாவின் பேத்திக்குக் காய்ச்சல். இரண்டும் எல்லா வருடமும் வருவதுதான். ஆனால் இந்த வருடம் வந்ததற்கு என் பெயர் கிடைத்துவிட்டது. வயலுக்குப் பரிகாரமாக ஒரு பன்றி கொடுத்துத் தப்பித்தேன். அது போகட்டும். தாத்தா கடைசியாகச் சொன்னதைத்தான் உனக்கு எழுத வேண்டும்.

"பாட்டு கேட்டாச்சு. ஊரே கேட்டுச்சு. கேட்டத கேக்கலன்னு சொல்ல முடியாது. பாதோங் எடுத்தப்புறம் ஒருத்திய நோயாளின்னு படுக்க வெச்சிருந்தா, அவ வீட்லயும் இல்ல, போற இடத்துலயும் இல்ல. நடு வழியில நிப்பா. அறுப்பு முடிஞ்ச கையோட அவளத் திருப்பிடணும்" என்றார்.

ஆகஸ்டு மாதம் என்று முடிவாகியிருக்கிறது. சடங்குப் பந்தலுக்கு மூங்கில் வெட்டச் சொல்லிவிட்டார்கள். ஒரே மகள் சம்மதிக்காமல் ஆரம்பிக்கக் கூடாது, மூன்று வருடமாக அவள் தள்ளிக்கொண்டே வருகிறாள் என்று நான் வாதாடிப் பார்த்தேன். "அவ வரட்டும். வந்து வேண்டாம்னு அம்மா முகத்தப் பாத்து சொல்லட்டும்" என்றார் தாத்தா.

வா, செல்மி. தாத்தாவிடம் சொல்ல வேண்டாம், என்னிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம். கப்பல் மக்காஸருக்கு வரும் நாளைச் சொல், நான் அங்கேயே வந்து நிற்கிறேன். கூட்டத்தில் அடையாளம் தெரியாதோ என்று பயப்படாதே, துறைமுகத்தில் எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் நான் நிற்பேன். பெட்டியை மூடுமுன் நீ அவளை ஒரு தடவை பார்த்தாக வேண்டும். அதன்பிறகு பார்க்க முடியாது.

உன்னிடம் கேட்க ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். இப்போது கேட்கவில்லை. நேரில் வந்தாலும் கேட்க மாட்டேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. முக்கியமாக வரத்தை.

உன் மாமன்,
காற்றுத் துறை


புந்து லோலோ
ஆகஸ்டு மாதம், வெள்ளிக்கிழமை காலை

செல்மி,

இதைக் காகிதத்தில் எழுதினாலும் அரிஸ் படமெடுத்து உன் தொலைபேசிக்கு அனுப்பப்போகிறான். கப்பலில் அனுப்ப நாள் இல்லை. நாளை வெயில் சாய்ந்ததும் அவளைத் திருப்புகிறார்கள்.

கடைசிக் கப்பலுக்கும் போயிருந்தேன். மக்காஸரில் இறங்கிய ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். மார்த்தாவின் மகன் இறங்கினான். பணியார டப்பாவைத் திருப்பிக் கொடுத்தான். நீ திறக்கவே இல்லை என்றான். திறந்தால் ஊர் வாசனை வரும் என்று சொன்னாயாம். பேருந்தில் அதைத் திறந்து எட்டு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பூசணம் பூத்திருந்தது. நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்றால் நம்புவாயா?

போன வாரம் நீ அனுப்பிய வரியை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும் மாமா, அம்மாவுக்கு இப்ப பரவாயில்லதான?" படித்து முடித்ததும் நே சுலோ தாத்தா என் தோளில் கை வைத்தார். அவர் யார் தோளிலும் கை வைக்கிற ஆள் இல்லை.

இப்போது ஒரு சங்கடம் வந்திருக்கிறது. நாளைக்குப் பாதோங் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. இந்த மலையில் முதலடி எடுக்கத் தெரிந்தவள் அவள்தான், அவளோ பெட்டிக்குள் இருக்கிறாள். பதிவில் இருக்கிற அவள் குரலையே வைத்துக்கொள்ளலாம், அவளை அவளே அனுப்பட்டும் என்று பெண்கள் கேட்டார்கள். தாத்தா யோசித்தார். "ஏறுற பக்கம் கெடக்கிறத எறங்குற சடங்குக்கு எடுக்கக் கூடாது. முதல்ல அது அதோட பக்கம் போகணும். எந்தக் கை தப்பா வெச்சுதோ அதே கைதான் எடுத்து வைக்கணும்" என்றார். சொல்லிவிட்டு எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள்.

பள்ளியின் அந்த அறையைத் திறந்துவிட்டார்கள். நேற்று மத்தியானம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அரிஸ் இரண்டு தடவை எட்டிப் பார்த்து, "மாமா, நான் நகத்தித் தரட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். பிறகு அவனே சன்னமான குரலில், "உங்களுக்கு நகத்தத் தெரியாதுல்ல" என்றான். பந்துக்குக் காற்றடிக்கிறாயா என்று கேட்டு அனுப்பிவிட்டேன்.

கண்ணு, அந்த அலமாரிக்கு இரண்டே சாவி. ஒன்று என்னிடம், ஒன்று உன்னிடம், கடலுக்கு அப்பாலிருந்தும் திறப்பது. என் சாவியால் திறக்கத் தெரியும், தட்டத் தெரியும். ஒன்றை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் வைக்க எனக்கு இன்றுவரை தெரியாது. நீ எத்தனை தடவை சொல்லிக்கொடுத்து, எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டாய். ஊருக்கு அது தெரியாது. ஊருக்குக் குற்றவாளி என் கட்டைவிரல். அப்படியே இருக்கட்டும். இந்த விரலுக்கு ஒரு புகழாவது வேண்டாமா?

அங்கே தனியாக உட்கார்ந்து அவளை இறங்கும் பக்கத்தில் பார்த்திருப்பாய். அவள் அங்கே இருப்பது உனக்குப் பொறுத்திருக்காது. எடுத்து, காலைப் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிட்டாய். அறுவடைக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் அவள் இருந்தால் சாகமாட்டாள் என்று நினைத்தாயோ என்னவோ. கேட்க மாட்டேன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். கேட்கவில்லை.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலையைப் பற்றி ஒன்று மட்டும் உனக்கு எழுதாமல் விட்டிருந்தேன். மேலே புதிதாக ஒன்று இருந்ததை நான் பார்த்தேன். கண்ணாடி போடவில்லை, பெயர் தெரியவில்லை. புதியது என்று மட்டும் தெரிந்தது. என் மருமகள் இத்தனை வருடம் கழித்து அங்கிருந்து ஒரு பாட்டு அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்தேன். அதனால்தான் சத்தத்தைக் கடைசிவரை திருகினேன். ஊர் கேட்கட்டும் என்று திருகினேன்.

இதில் மிகை எதுவும் இல்லை.

நீ வரவில்லை. வர முடியாது என்பது எனக்கும் தெரியும், இனிக் கப்பலும் இல்லை. நீ வந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். பார்த்தால், மூன்று வருடமாக நீ கேட்டுவந்த கேள்வியை மறுபடி கேட்க முடியாது. நான்கூட அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அம்மா சாப்பிட்டாங்களா என்று யாராவது கேட்கிறவரை இந்த வீட்டில் இரண்டு பேர்.

ஆகையால் வா என்று கேட்கவில்லை. ஒன்றே ஒன்று செய். நாளைக்கு, காலையில் வேண்டாம், வெயில் சாய்ந்த பிறகு, உன் சாவியால் அலமாரியைத் திற. அம்மாவை அந்தப் பக்கம் எடுத்து வை. ஒரு விரல் அசைவுதான். நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய்: அழுத்திப் பிடிக்கணும், இழுக்கணும், விட்டுடணும். எனக்கு விடுகிற இடம்தான் எப்போதும் வராது என்று சிரிப்பாய்.

நாளை அந்த நேரத்தில் எல்லோரும் வட்டமாக நின்று சுண்டுவிரல் கோத்துக் காத்திருப்பார்கள். ஒலிபெருக்கியை வேலியோரம் தூக்கி வைத்தாயிற்று. இங்கே என் இடது பக்கம் ஓர் இடம் விட்டு நிற்பேன். நீ எடுத்து வைத்தால் அவள் குரல் வரும், நாங்கள் நடப்போம். எடுத்து வைக்காவிட்டால் இந்த ஊர் பாட்டில்லாமல் அவளைத் திருப்பும். பாட்டு ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு என் விரலைக் காட்டுவேன்.

இன்று காலையிலும் காபி வைத்தேன். சர்க்கரை தூக்கலாக, அவளுக்குப் பிடித்தபடி. நாளைக்கு அடுப்பு எதற்குப் பற்றவைப்பேன் என்று தெரியவில்லை.

அங்கே உன் பள்ளியில், பிள்ளைகள் இல்லாத மைதானத்தில் கொடிக்கம்பத்தின் நிழல் கிழக்கே சாய ஆரம்பித்தால், அதுதான் நேரம். உனக்கு நல்லதே நடக்கட்டும், மகளே. நீ சாப்பிட்டாயா?

மாமா